ஹனூர் வழியில்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூர் உள்ளது. 1956 வரை கொள்ளேகாலம் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆதலால் கடைவீதியில் தமிழ் காதில் விழுந்தபோது நாம் வியப்புறவில்லை. மகிழ்ந்தோம் என்பதே மெய்.

ஹனூரை அடையுமுன் காமகெரே என்னும் சிற்றூர் வருகிறது. முன்னாள் அமைச்சர் நாகப்பாவை வீரப்பன் 2002 ஆகஸ்டில் கடத்திச் சென்றது இங்கிருந்துதான். டிசம்பரில் அவரது உடலே கிடைத்தது. பேருந்து அங்கு நின்ற இரண்டு நிமிடமும் நம்மில் எவரும் வாய் திறக்கவில்லை.

ஹனூரைக் கடந்து வனத்தின் விளிம்பைக் கண்டதும் 'நக்கீரன்' ஆசிரியர் கோபாலின் நினைவு எழுந்தது. போலீசார் ஆண்டுக்கணக்கில் தேடிய வீரப்பனை அவ்விதழினர் காட்டினுள் சென்று பேட்டி கண்டனர். 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது இரு மாநில அரசுகளும் கோபாலையே தூதராக அனுப்பின. 108 நாட்களுக்குப்பின் ராஜ்குமார் மீண்டார். அதே கோபாலை 2003 ஏப்ரலில் தமிழக அரசு 'பொடா' சட்டத்தின்கீழ்க் கைது செய்தது. ஏறக்குறைய எட்டு மாதம் சிறை. வீரப்பனோடு பழகியது குற்றமெனில், தூது அனுப்பியவர்களை என்னென்பது?

இத்தனைக்கும், பத்திரிகையில் வரவிருப்பதை அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்கலாகாது என 1994-இல் உச்சநீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றவர் அவரே. எழுத்தைத் தடுக்க வழியில்லாதபோது எழுதுபவரைத் தடுத்தனர் போலும்.

2004-இல் பொடாவும் நீக்கப்பட்டது. வீரப்பனும் சுட்டுக் கொல்லப்பட்டான். இன்று இச்சாலையில் பக்தர் கூட்டம் அச்சமின்றிச் செல்கிறது. நாமும் அவர்களோடு மலையேறினோம்.