ரேகை விழாத விரல்கள்

மெஷினுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். நாற்று நட்டு, மண் சுமந்து ரேகை தேய்வது யாருக்கு என்பதைச் சாதிதானே முடிவு செய்தது?

2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக் கூலி ஆதார் இணைந்த கணக்குக்கே என்றானது. கூலி ஏறிவிடுகிறது. ஆனால் ஊருக்கு வரும் வங்கி முகவரின் மெஷினில், நான் பார்க்கும் காலனிப் பெண்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். விழாவிட்டால் டவுன் கிளைக்குப் போகணும். அன்றைய வேலை போச்சு.

தோழர்களே, பாஸ்புக்கோடு படிவம் கொடுத்துக் கிளையில் பணம் எடுக்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒருநாள் அவர்களோடு போங்கள். ‘ரேகை விழலை’ என்று திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் புகார் வலுவாக நிற்கும்.