வாக்குத்தத்த அட்டையும் அக்காவின் நாலு சென்ட்டும்

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. பிரசங்கம் பண்ற தகுதியும் எனக்கு இல்லை. தைரியமா படிக்கலாம் :-)

திருநெல்வேலி பக்கம் எங்க சி.எஸ்.ஐ. சபையில டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டு வரும். அதுல சின்னச் சின்ன அட்டைகளைக் கவுத்துப் போட்டிருப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். அதுல இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கான வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும் "உனக்கு என்னலே வந்துச்சு?"ன்னு பரீட்சை ரிசல்ட் மாதிரி ஆளாளுக்குக் கேட்டுக்குவோம்.

அக்காவுக்கு அடிக்கடி வர்றது எரேமியா 29:11. அட்டை அச்சடிக்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வசனம்னு நினைக்கிறேன். உங்களைப் பத்தி நல்லதுதான் யோசிச்சு வச்சிருக்கேன்னு ஆண்டவர் சொல்ற வசனம். எங்க வீட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். அம்மா அந்த அட்டைகளையெல்லாம் வேதாகமத்துக்குள்ள வரிசையா வச்சிருக்காங்க. அக்காவுக்கு இப்ப 34.

2022-ல வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஊழியக்காரர், அக்கா தலையில கை வச்சு, "இந்த வருஷம் முடியறதுக்குள்ள"ன்னு சொல்லிட்டுப் போனார். அம்மா அன்னைக்கு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. அடுத்த வாரமே பட்டுப்புடவை எடுத்தாச்சு. டிசம்பர் வந்தது. போனது. புடவை பீரோவுலயே இருந்தது. அந்த 31-ம் தேதி அக்கா கோவிலுக்கு வரலை. தலைவலின்னாள். அப்புறம் நாலஞ்சு மாசம் ஞாயித்துக்கிழமையானா தலைவலி.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். அக்காவுக்காகத் தினமும் ஜெபம் பண்ணினேன்னு சொல்றது பாதிதான் நிஜம். அவளுக்கு முடிஞ்சாத்தான் எனக்குப் பார்ப்பாங்க. என் ஜெபத்துல எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

அந்தக் கடுப்புல ஒருநாள், அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு 29-ம் அதிகாரத்தை முதல்ல இருந்து படிச்சேன். (நம்ம தொழில் புத்தி. எரர் வந்தா அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தா ஆகாது, லாக் முழுசும் பார்க்கணும்.) அது ஒரு கடிதம். கி.மு. 597-ல நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேம்ல இருந்து எரேமியா எழுதினது. அட்டையில வர்ற வசனத்துக்கு நேர் முந்தின வசனத்துலயே கணக்கு இருக்கு: 70 வருஷம். அப்படின்னா அந்தக் கடிதத்தைக் கையில வாங்கின பெரியவங்க பெரும்பாலும் ஊர் திரும்பப் போறதில்லை. பாபிலோன் கி.மு. 539-ல விழுந்த பிறகுதான் திரும்பினாங்க.

முந்தின அதிகாரத்துல அனனியான்னு இன்னொரு தீர்க்கதரிசி வர்றார். ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடலாம்னு கோவில்ல ஜனங்க முன்னாடி அடிச்சு விட்டார். க்ளையண்ட்கிட்ட "ரெண்டு வாரத்துல முடிச்சிடுறோம்"னு சொல்ற மேனேஜர் மாதிரி. அந்த மாதிரி ஆளைத்தான் நமக்கெல்லாம் பிடிக்கும். அனனியா அந்த வருஷமே செத்துப் போனார். எங்க ஊழியக்காரரை அனனியான்னு சொல்ல எனக்கு மனசில்லை. ஆனா அம்மா அவர் வார்த்தையைப் பிடிச்ச அளவுக்கு எரேமியாவைப் பிடிக்கலை. நானும்தான்.

சரி, 70 வருஷம் வரைக்கும் என்ன பண்றது? வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போட்டு அதுல வர்றதைச் சாப்பிடுங்கன்னு கடிதத்துலயே இருக்கு. பிடிச்சுட்டுப் போன ஊர்லயே!

இதை அக்காகிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏலே, அந்த நாலு சென்ட்டை வாங்கிரட்டுமா?"ன்னாள். ஸ்கூல் பக்கத்துல ஒரு மனை விலைக்கு வந்திருந்ததாம். 'கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்'னு ரெண்டு வருஷமா விட்டு வச்சிருந்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

அம்மா ஒத்துக்கலை. "தனியா வீடு கட்டினா, இவ கல்யாணமே வேண்டாம்னுட்டாள்னு ஊரு பேசும்"னாங்க. அதே கடிதத்துல கல்யாணம் பண்ணுங்கன்னும் எழுதியிருக்கேன்னு சரியா அந்த வசனத்தை எடுத்துக் காட்டினாங்க. அம்மாகிட்ட வேதாகமத்துல ஜெயிக்க முடியாது! அக்கா மட்டும் அமைதியா, "அதையும் வேண்டாம்னு சொல்லலைம்மா"ன்னாள்.

எரேமியாவே நிலம் வாங்கியிருக்கார் தெரியுமா? பாபிலோன் சேனை எருசலேமைச் சுத்தி முற்றுகை போட்டிருக்கு. அவரோ காவல்ல இருக்கார். அந்த நேரத்துல சொந்த ஊரான ஆனதோத்துல ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சி வச்சு, பத்திரத்தை மண்பாண்டத்துல போட்டு வைக்கச் சொல்றார். எந்த பேங்க்கும் லோன் தராது அந்த நிலத்துக்கு.

அக்காவுக்குத் தந்தாங்க. 2024-ல பத்திரம் முடிஞ்சது. ரெண்டு ரூம், ஒரு கிச்சன், முன்னால சின்னத் திண்ணை. பிரதிஷ்டை ஜெபத்துக்கு அக்கா அந்தப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்து நின்னாள். அம்மா பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது மட்டும் என்கிட்ட, "கலர் அவளுக்கு நல்லாத்தான் இருக்கு, என்னய்யா?"ன்னாங்க.

வரன் பார்க்கிறது நிக்கலை. அம்மாவோட வெள்ளிக்கிழமை உபவாசமும் நிக்கலை. நான் ஜெபத்துல மாசம், தேதி சொல்றதை மட்டும் விட்டிருக்கேன். சில நாள் மறந்து சொல்லிடுறேன்.

அக்கா கொல்லைப்புறத்துல ஒரு நாட்டுத் தென்னை வச்சிருக்காள். காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமாம். "குட்டை ரகம் வச்சிருந்தா சீக்கிரம் காய்ச்சிருக்குமேடி"ன்னு அம்மா திட்டிக்கிட்டே அதுக்குத் தண்ணி ஊத்துறாங்க.