கோச் மாறினா கேஸ் ஷீட் யாரு கையில?

2019 மார்ச்சுல நம்ம கோவை நேரு ஸ்டேடியத்துல மினெர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சு, சென்னை சிட்டி ஐ-லீக் கோப்பையைத் தூக்குச்சுங்க. கருமத்தம்பட்டியில இருந்து பஸ் புடிச்சுப் போய்க் கத்துனவங்கள்ல நானும் ஒருத்தன். 2020ல கோச் அக்பர் நவாஸ் போய் சத்யசாகரா வந்தார். ரெண்டு பேருமே சிங்கப்பூர்காரங்க.

கோச் மாறினா எல்லாரும் ஃபார்மேஷனைத்தான் பேசுவாங்க. டாக்டரா எனக்கு வேற கவலை. எந்த டீமா இருந்தாலும் சரி, கோச் பின்னாடியே ஃபிட்னஸ் ட்ரெய்னரும் பிசியோவும் கிளம்பிட்டா, எந்தப் பையனுக்குத் தொடையோட பின்தசை ஏற்கனவே கிழிஞ்சிருக்கு, எவன் வலியை மறைச்சு ஆடுவான்னு புதுசா வர்றவருக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை கிழிஞ்ச தசை மறுபடி கிழியற வாய்ப்பு அதிகம்ங்க. ஐரோப்பிய கிளப்புகள்ல எக்ஸ்ட்ராண்ட் குழு பார்த்ததும் இதுக்குப் பக்கத்துலதான் வருது: கோச்சும் மெடிக்கல் டீமும் சரியாப் பேசிக்காத இடத்துல காயம் அதிகம்.

வார்டுல ட்யூட்டி மாறும்போது ஹேண்டோவர் கொடுக்காம யாரையும் வீட்டுக்கு விடமாட்டோம். கிளம்பற பிசியோவையும் ஒரு நாள் உக்கார வெச்சு, ஒவ்வொரு காலோட கதையையும் எழுதி வாங்கிட்டு அனுப்புங்க.