நாணற்கட்டு

பேசாப் படம் என்றவுடன் நம்மில் பலர்க்குச் சார்லி சாப்ளினின் தொப்பியும் கைத்தடியுமே நினைவுக்கு வரும். நம்மைச் சிரிக்க வைத்த அந்தக் காலமே மனச்சான்றின் வேதனையையும் வாய் திறவாமல் காட்டியது. அதற்கு 1927ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சன்ரைஸ்’ என்னும் படம் சான்றாகும். ஜெர்மானிய இயக்குநர் முர்னோ அமெரிக்கா சென்று எடுத்த முதற்படம் அது. சூடர்மான் எழுதிய கதையொன்றைத் தழுவியது.

கதை எளியது. ஏரிக்கரைச் சிற்றூரில் வாழும் உழவன் ஒருவன், நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பெண்ணிடம் மயங்குகிறான். மனைவியைப் படகிலேற்றிச் சென்று மூழ்கடித்துவிட்டுப் படகு கவிழ்ந்ததாகச் சொல்லிவிடு என்கிறாள் அவள். அவன் மட்டும் மிதந்து கரைசேர ஒரு நாணற்கட்டையும் கொண்டு செல்லவேண்டுமாம். இவர்களுக்குப் பெயரே இல்லை. கணவன், மனைவி, நகரத்துப் பெண், அவ்வளவுதான். கணவனாக நடித்த ஜார்ஜ் ஓபிரையனின் காலணிகளில் எடைகளை வைத்து நடக்கச் செய்தாராம் முர்னோ. அந்தத் தளர்ந்த நடையைக் கண்டாலே அவன் சுமப்பது இன்னதென்று புரிந்துவிடுகிறது.

நடு ஏரியில் அவன் எழுந்து நெருங்குகிறான். மனைவி கைகளைக் கோத்து மன்றாடுகிறாள். அவனால் இயலவில்லை, கரைக்குத் திரும்புகிறான். வேறொருவர் எடுத்திருந்தால் கண்ணீரும் காலில் விழுதலுமாக அங்கேயே முடித்திருப்பார். இங்கோ படத்தின் பெரும்பகுதி இனிமேல்தான் இருக்கிறது. அவள் அஞ்சி ஓடி டிராம் வண்டியில் ஏறுகிறாள், அவனும் தொற்றிக்கொள்கிறான். நகரத்து உணவுக்கடையில் அவளை உண்ணச் செய்கிறான். ஒரு துண்டை வாயில் வைத்தவள் விம்முகிறாள். பூ வாங்கித் தருகிறான், அதற்கும் அழுகைதான். கொல்லத் துணிந்த கையிலிருந்து வரும் பூவை எப்படி வாங்குவது!

பின்னர்த் தேவாலயம் ஒன்றில் யாரோ இருவரின் திருமணத்தைக் காண்கின்றனர். மனைவியை அன்புடன் பேணும் கடமையைப் போதகர் மணமகனுக்கு எடுத்துரைக்கும்போது இவன் உடைந்து போகிறான். அவன் தலையை அவள் அணைத்துக்கொள்கிறாள்.

உடனிருந்து பார்த்த என் துணைவியார், “ஒரு பகலுக்குள் மன்னித்துவிட்டாளே! இதை எழுதியவர் ஆணாகத்தான் இருக்கவேண்டும்” என்றார். திரைக்கதையாசிரியர் கார்ல் மேயர் ஆண்மகனே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவள் மன்னித்தது அவன் கெஞ்சியதற்காக அன்று என்றே நான் கருதுகிறேன். தான் செய்யத் துணிந்தது எத்தகையது என்பதை அவன் முழுமையாகக் கண்டுகொண்டான். அதை அவள் கண்டாள். ஜேனட் கெய்னரின் முகத்தில் அச்சம் சிறிது சிறிதாக இரக்கமாக மாறுவதைப் பார்ப்போர் இதனை உணர்வர்.

இரவில் ஊர் திரும்புகையில் புயல் வீசுகிறது. தன் உயிரைக் காக்க ஒளித்து வைத்திருந்த அதே நாணற்கட்டை எடுத்து மனைவியின் உடலில் கட்டுகிறான். படகு கவிழ்கிறது. அவன் கரையேறுகிறான், அவளைக் காணவில்லை. காலையில் விரும்பியது இரவில் தானாகவே நடந்துவிட்டதைப் போன்ற கொடுமை வேறுண்டோ? சூடர்மானின் கதையில் கணவன் மாண்டுவிடுகிறான். படத்திலோ நாணலைப் பற்றி மிதந்த மனைவி உயிருடன் மீட்கப்படுகிறாள். இம்மாற்றத்தை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அதற்கு முன் அவன் நகரத்துப் பெண்ணின் கழுத்தை நெரிக்கப் பாய்வது எனக்கு உடன்பாடன்று. படகை ஓட்டிச் சென்றவன் அவன் அல்லனோ?

1929இல் வழங்கப்பெற்ற முதல் ஆஸ்கார் விருதுகளில் இப்படத்தின் ஒளிப்பதிவும் பரிசு பெற்றது. மூலப்படச்சுருள் 1937ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்துபோயிற்று. எஞ்சிய படிகளிலிருந்து மீட்டதையே இன்று நாம் காண்கிறோம்.