“எப்படி வாழ்கிறாய், அம்மா?”

ஜூன் என்றால் நமக்குக் கத்திரி முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். 1983 ஜூனில் நானோ இரண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஊர் செமோங்காங், நாடு லெசோத்தோ. நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த குட்டி மலைநாடு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே என்பதால் அங்கே ஜூன், ஜூலைதான் கடுங்குளிர்.

நர்ஸாக, இரண்டு வருஷத் தொண்டுக்குப் போயிருந்தேன். தலைநகர் மசேருவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். அந்நாளில் கரடுமுரடான மலைப்பாதை. சுற்றுக் கிராமங்களுக்குக் குதிரைமேல்தான் போகணும். பக்கத்தில் மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழுகிறது. அதன் சாரல் புகையாக எழும்புவதால் ஊருக்கே ‘புகையிடம்’ என்று பொருள்படும் பெயர்!

அழகுக்குக் குறைச்சலில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மண்ணெண்ணெய் விளக்கை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சமைப்பதை விட்டேன், ரொட்டியும் டீயும்தான். தலை வாரக்கூடச் சலிப்பு. ஊராருக்கு ஆரோக்கியம் சொல்ல வந்தவள், என் உடம்பை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடிதம் வந்தது. பாட்டி காலமாகி நாற்பது நாளாகியிருந்தது! ஊரில் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. நான் அன்றுதான் அழ ஆரம்பித்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

கதவைத் தட்டி, “ம்மே” என்று ஒரு குரல். அம்மா என்று அர்த்தம். அங்கே பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வட்டக்குடிசைப் பெண். பாதி சைகையில் விஷயத்தைச் சொன்னேன். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்து ‘பாபா’வை எடுத்துக் கீரையோடு வைத்தாள். மக்காச்சோளக் களி! நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

பாஷை கொஞ்சம் பிடிபட்டதும் அவள் கதை தெரிந்தது. புருஷன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில். அந்நாளில் லெசோத்தோவிலிருந்து லட்சம் பேருக்குமேல் அப்படிப் போயிருந்தார்கள். அந்த மலைகளில் நான் மட்டுமா தனி?

“எப்படிம்மா சமாளிக்கறே?” என்றேன்.

“விடிஞ்சா மாடு, தோட்டம். வழியில பார்க்கறவங்களை நலம் விசாரிக்கணும். ராத்திரி பக்கத்து வீட்டுல அடுப்பு எரியுதான்னு பார்ப்பேன். உன் வீட்டுல எரியலை; அதான் அன்னிக்கு வந்தேன்!”

அயல்நாட்டுத் தொண்டுக்குப் புறப்படும் சகோதரிகளே, நான் கற்றதைச் சொல்கிறேன். ஒருத்திக்காக இருந்தாலும் தினம் ஒருவேளையாவது சுடச்சுடச் சமையுங்கள். வேலைக்கு வேண்டிய சொற்களுக்கு முன் நலம் விசாரிக்கும் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். கடிதங்களுக்கு எண் போடுங்கள். எது வழியில் தங்கியது என்று தெரியும். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் இல்லையென்றால் மேலதிகாரியிடமோ டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். அது கோழைத்தனமல்ல. திரும்பி வர நேர்ந்தாலும் வெட்கமில்லை.

தனிமை எனக்கு அடியோடு போய்விடவில்லை. மழைநாளில், பண்டிகை நாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அந்த ஊரில் நலம் விசாரிப்பதே, “எப்படி வாழ்கிறாய்?” என்றுதான். “நன்றாக வாழ்கிறேன்” என்று பதில் சொல்லணும். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தினமும் சொல்லிச் சொல்லி, ஒருநாள் அது நிஜமாகவே ஆகிவிட்டது!