நாலு டம்ளர் ஷிராஸ்

ஒயின் ஷாப்புக்குப் போய் ஒயின் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? சத்தியமாக நான் கேட்டதில்லை.

பி.காம். ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூரில், சேலத்துக்காரன் வீட்டில் கூடுவது வழக்கம். எங்களில் வசதியானவன் அவன்தான். ஐ.டி. கம்பெனி, சொந்த ஃபிளாட். ஃபாரின் சரக்கு எப்போதும் அவன் உபயம். இந்தத் தடவை போனால், மேஜை மேல் ஒரே ஒரு பாட்டில். நாசிக்கில் தயாரான ஷிராஸ் சிவப்பு ஒயின். விலை 800 ரூபாய்க்குள்.

"என்னடா இது, இருமல் மருந்தா?" என்றான் பேங்க்காரன்.

என் காமர்ஸ் மூளை உடனே கணக்குப் போட்டது. 750 மில்லி, நாலு பேர். தலைக்கு 187 மில்லி சொச்சம். ஏழரைக்கு ஆரம்பித்தால் ஏழே முக்காலுக்கு மங்களம்!

ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவன் கார்க் எடுக்கும் திருகாணியை எங்கேயோ இரவல் வாங்கி, பெருமையாகக் கொண்டு வந்திருந்தான். பாட்டிலைப் பார்த்தால் திருகு மூடி! இருமல் மருந்துக் கட்சிக்கு ஒரு ஓட்டு கூடியது. "ஆஸ்திரேலியாவுல நல்ல நல்ல ஒயினுக்கே இதே மூடிதான்டா" என்று சமாதானம் சொன்னான் சேலத்துக்காரன். இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் திறந்தான். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பாக்காரனின் ரூமை வைத்துச் சொன்னதாம். அது பதினெட்டு டிகிரி. நம் ரூம் அடுப்பங்கரை!

கண்ணாடிக் கோப்பை இல்லை. எவர்சில்வர் டம்ளர்தான். பழக்கதோஷத்தில் நான் ஒரே மடக்காக இழுத்தேன். நாவல் பழம் தின்றால் நாக்கு இழுக்குமே, அப்படி ஒரு துவர்ப்பு! திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வருகிற டானின் செய்கிற வேலை அது.

"கறியைத் தின்னுட்டு இப்போ குடி" என்றான்.

மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல். இரண்டு துண்டு தின்றுவிட்டு ஒரு வாய் வைத்தேன். துவர்ப்பு பாதி காணோம்! கறியின் புரதமும் கொழுப்பும் டானினை அடக்கிவிடுகின்றன. இன்னொன்று, மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டன்டோன் என்கிற அதே சமாசாரம் ஷிராஸிலும் இருப்பதை 2008ல் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். மிளகும் ஷிராஸும் ஒருவகையில் சம்பந்தி முறை. மிளகாய்தான் ஆகாது. சிக்கன் 65 தின்றுவிட்டு ஒயினைக் குடித்த பேங்க்காரன் வாயைத் திறந்தபடி சமையலறைக்கு ஓடினான். ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிடும் சார்!

இப்படிக் கறி ஒரு வாய், ஒயின் ஒரு வாய் என்று போனதில் மணி பத்து. டம்ளரில் இன்னும் கால்வாசி மிச்சம். போன வருஷம் இந்த நேரத்துக்கு ஒருவன் பாடிக்கொண்டிருந்தான், ஒருவன் பாத்ரூமில் இருந்தான், நான் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சேலத்துக்காரன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டேய்... எனக்கு வேலை போயி மூணு மாசம் ஆச்சுடா. ஊர்ல அப்பாவுக்கு இன்னும் சொல்லலை."

பாட்டில் ஏன் ஒன்று, ஏன் 800 ரூபாய் என்பது அப்போதுதான் உறைத்தது. இருமல் மருந்து என்றவனுக்கு முகமே இல்லை.

யாரும் ஆறுதல் வசனம் பேசவில்லை. பேங்க்காரன், "வீட்டுக் கடன் பேப்பரை எடு" என்றான். ஆடிட்டர் ஆபீஸ்காரன் பேனாவைத் திறந்தான். பி.எஃப். எவ்வளவு, மாசத் தவணை எவ்வளவு, யாருக்கு எந்தக் கம்பெனியில் ஆள் தெரியும்... பன்னிரண்டு மணி வரை ஓடியது. நாலு பேரும் நிதானத்தில் இருந்ததால் கூட்டல் தப்பவில்லை. போன வருஷம் மாதிரி இருந்திருந்தால், அவன் சொன்னது பாட்டுச் சத்தத்தில் யார் காதில் விழுந்திருக்கும்?

அடுத்த வருஷமும் இதே ஷிராஸ்தான். செலவு எங்கள் மூணு பேருடையது.

காலையில் பால்கனியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். "அப்பா..." என்று ஆரம்பித்தது மட்டும் கேட்டது. நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.