நான் போட்ட பூஜ்யங்கள்

மனசை அடக்கத் தெரிந்தவர் என்று ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பேர் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். தலைமையாசிரியர் கத்தினாலும் சரி, திடீரென்று அதிகாரி ஆய்வுக்கு வந்தாலும் சரி, என் முகம் மாறாது. "சாரைப் பார்த்துக் கத்துக்கங்க" என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்தப் பேர் பொய். பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதையே இன்னொருவருக்கு மருந்தாகக் கொடுத்தேன்.

உள்ளுக்குள் எனக்கு ஒரு பயம் இருந்தது. பெரிய பயமில்லை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு அது புரியும். மாணவன் நகல் வாங்கிப் பார்த்து, கூட்டலில் தப்பு இருந்தால் மெமோ வரும்; 17ஏ, 17பி விதிகளின்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக்கும் போகலாம். விடைத்தாள் கட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால், முகப்புப் பக்கத்து மதிப்பெண் கட்டங்கள் வரிசையாக வரும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு உள்ளே 4 போட்டுவிட்டு முகப்பில் 5 என்று ஏற்றினேனா? "நினைக்காதே" என்று என்னையே அதட்டுவேன். அதட்டி முடிப்பதற்குள் அடுத்த கட்டம் வந்து நிற்கும். ஏன் தூங்கவில்லை என்று மனைவி கேட்டால், "கொசு" என்பேன்.

இந்த அதட்டல் ஏன் பலிக்கவில்லை என்பது பிற்பாடு படித்தபோதுதான் விளங்கியது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளைக் கரடியை நினைக்காமல் ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் சொல்லுங்கள், கரடி வந்தால் மணி அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. வெக்னர் சொன்ன காரணம் இது: மனதின் ஒரு பகுதி வேறு நினைப்பைத் தேடுகிறது; இன்னொரு பகுதி, விலக்கிய நினைப்பு வந்துவிட்டதா என்று காவல் பார்க்கிறது. உடம்பு களைத்தால் முதல் பகுதி ஓய்ந்துவிடும்; காவல் மட்டும் நிற்காது. நாள் முழுக்கத் தாள் திருத்திவிட்டுப் படுத்தவனுக்கு ராத்திரியில் கட்டங்கள் வரிசை கட்டியதில் ஆச்சரியமில்லை.

எனக்கு மனச்சோர்வு வந்தது பயத்தால் அல்ல, அடக்க முடியாத இந்தத் தோல்வியால். 'ஒரு நினைப்பை அடக்க முடியவில்லை, நீ நாற்பது பிள்ளைகளை அடக்குகிறாயாக்கும்' என்று எனக்குள்ளேயே ஏளனம். சாயங்கால நடையை விட்டேன். கல்யாணங்களுக்கு மொய்க்கவரை மட்டும் கொடுத்தனுப்பினேன். பாடம் நடத்தினேன், சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டேன். அதனால் யாருக்கும் தெரியவில்லை. லேசான மனச்சோர்வு ஆளைச் சாய்ப்பதில்லை. எதிலும் ருசியில்லாமல் செய்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளி இளம் ஆசிரியை ஒருவர், மதிய இடைவேளையில் என்னிடம் வந்தார். "காலைல எழுந்திரிக்கவே மனசு வரல சார். கிளாஸுக்குள்ள போறப்ப நெஞ்சு படபடங்குது." முந்தின ராத்திரி நான் கண் மூடவில்லை. இருந்தும் சொன்னேன்: "மனசுக்கு ரொம்ப இடம் கொடுக்காதீங்கம்மா. எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு. என்னைப் பாருங்க." அவர் "சரிங்க சார்" என்று டிபன் பாக்ஸை மூடினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அப்புறம் என்னிடம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. மருத்துவ விடுப்பில் போனார். பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ரத்த அழுத்தத்துக்காகப் போன இடத்தில் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். ஜிஏடி-7 என்ற பதற்ற அளவுகோல். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது மறுபடி கொடுத்தார். அன்றுதான் நிதானமாகப் படித்தேன். இரண்டாவது கேள்வி, கவலையை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியாமல் போகிறதா என்பது. நான் என் குணக்கேடு என்று மறைத்து வைத்திருந்ததை, அந்தத் தாள் காய்ச்சல், இருமல்போல ஓர் அறிகுறியாக எண்ணிக்கொண்டிருந்தது. உண்மையை எழுதினேன். கூட்டினால் 8. ஐந்து முதல் ஒன்பது வரை லேசானது என்று கணக்கு.

இப்போது நினைப்பை விரட்டுவதில்லை, தள்ளிப்போடுகிறேன். கவலைக்கென்று தினமும் அரைமணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வந்தால் அதற்கு ஒத்திவைக்கும் முறையை தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-லேயே சோதித்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டைத் திறந்து எழுதுகிறேன். பல நாள் எழுத ஒன்றும் இருப்பதில்லை. பிடிக்கிறதோ இல்லையோ நடக்கப் போகிறேன். எந்த நினைப்பு வரும் என்பது என் கையில் இல்லை. செருப்பை மாட்டுவது என் கையில் இருக்கிறது. இதிலும் கவலை அடங்காதவர்களுக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. கூப்பிடுவதில் கேவலம் எதுவுமில்லை.

அந்த ஆசிரியையின் எண்ணும் என் கைபேசியில் இருக்கிறது. அன்று நானும் தூங்காமல்தான் வந்திருந்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. நேரமில்லை என்பது சாக்கு. 'என்னைப் பாருங்க' என்று சொன்ன அந்த ஆளை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.